பல்லும் சொல்லும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. முப்பது ஆண்டுகளாகச் சிறு பிள்ளைகளுக்கு அரபு எழுத்துகளை ஓதிக்கொடுத்து வரும் நான், இப்பழமொழியை எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அதன் முழுப் பொருளை ஒரு ரமலான் மாலையில்தான் கற்றுக்கொண்டேன்.

அன்று பள்ளிவாசலில் நோன்பு திறந்து, கஞ்சியைப் பருகிவிட்டு, உடன் வைத்திருந்த பருப்பு வடையைக் கடித்தேன். வடை மெத்தென்றுதான் இருந்தது. ஆயினும் ஏதோ கல் நெருடியது போலிருந்தது. பருப்பில் கிடந்த கல்லாக இருக்கும் என்றெண்ணி எடுத்துப் பார்த்தேன். அது கல்லன்று, என் மேல்வரிசை முன்பல்! வேரோடு, முழுமையாக, சொத்தை ஏதுமின்றி என் உள்ளங்கையில் கிடந்தது. வலி சிறிதும் இல்லை. இரத்தமும் அதிகம் இல்லை. பக்கத்துப் பல்லை நாவால் தொட்டுப் பார்த்தேன். அதுவும் ஆடிற்று.

அவ்வாண்டு எங்கள் தெருப் பள்ளியில் தராவீஹ் தொழுகைக்கு நானே இமாமாக நின்று வந்தேன். இஷாவுக்கு முன் தனியறையில் அமர்ந்து பாத்திஹா சூராவை எனக்குள் ஓதிப் பார்த்தேன். அதன் இறுதி ஆயத்தில் புள்ளி வைத்த ‘தால்’ ஓரிடத்தில் வருகிறது. அவ்விடத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று, எழுத்து பிறக்கவில்லை. மீண்டும் ஓதினேன், மீண்டும் அதே பிழை. ஓர் எழுத்தை மற்றோர் எழுத்தாக மாற்றி உச்சரிப்பவர், சரியாக ஓதத் தெரிந்தோருக்கு இமாமாக நிற்பது பற்றி ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பல்லாண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். அந்தப் பாடம் எனக்கே வந்து சேரும் என்று எண்ணியதில்லை.

என் மாணவரான இளைஞர் ஒருவரை அழைத்து, “இன்றிலிருந்து நீங்கள் நில்லுங்கள், தம்பி” என்றேன். அவர் திகைத்தார். நான் பின் ஸஃப்பில் போய் நின்றேன். காரணம் என்னவென்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் என் உள்ளம் என்னைக் கேட்டது.

அரபு எழுத்துகள் பிறக்கும் இடத்தை ‘மக்ரஜ்’ என்கிறோம். இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்) அவர்கள் அவற்றை 17 என வகுத்தார்கள். அவற்றுள் ‘ஸே’, புள்ளி வைத்த ‘தால்’, ‘ளோ’ ஆகிய மூன்றும், நாவின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறப்பவை. ‘ஃபே’யோ, கீழுதட்டின் உட்புறம் அதே பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறப்பது. நம் தமிழிலும் இதே நிலைதான். தொல்காப்பியர் எழுத்துகள் பிறக்கும் எட்டு நிலைகளில் பல்லையும் ஒன்றாக வைத்தெண்ணுகிறார். பல்லும் இதழும் இயையும்போது வகரம் பிறக்கிறது என்கிறார். அரபு இலக்கணமாயினும் தமிழ் இலக்கணமாயினும், எழுத்தின் வாசலில் பல் காவல் நிற்கிறது.

மதரஸாவில் தஜ்வீது படித்த நாளில் பற்களின் பெயர்களையும் மனனம் செய்தோம். ஸனாயா 4, ரபாஇய்யாத் 4, அன்யாப் 4, ளவாஹிக் 4, தவாஹின் 12, நவாஜித் 4; ஆக 32. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இன்றும் ஒப்பிப்பேன். ஆனால் என் வாயிலிருந்த 32 பற்களும் எந்நிலையில் இருக்கின்றன என்று ஒரு மருத்துவரிடம் போய்க் காட்டியதில்லை.

ஒருவர் சொல்லாமலும் இல்லை. அதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஜமாஅத் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. அங்கு வந்திருந்த பல் மருத்துவர் என் வாயைப் பார்த்துவிட்டு, “ஈறு வீங்கியிருக்கிறது. நிறையக் காரை படிந்திருக்கிறது. அதை எடுத்துச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் காட்டுங்கள்” என்றார். நான் புன்னகை செய்துவிட்டு வந்துவிட்டேன். நாளொன்றுக்கு ஐவேளை உளூச் செய்து வாய் கொப்பளிப்பவன். சட்டைப் பையில் மிஸ்வாக் இல்லாமல் வெளியே செல்லாதவன். எனக்கா பல் நோய் வரும்? இதுதான் என் எண்ணம். இப்போது சிந்தித்துப் பார்த்தால் அதில் நம்பிக்கையைவிடப் பெருமையே மிகுந்திருந்தது என்று தெரிகிறது.

அடையாளங்கள் தோன்றாமலும் இல்லை. மிஸ்வாக்கின் நுனியில் இரத்தம் தெரிந்தது, உடற்சூடு என்றேன். முன்பற்களுக்கிடையே முன்பில்லாத இடைவெளி விழுந்தது. வயதின் அடையாளம் என்றேன். எனக்கு எதிரே அமர்ந்து ஓதும் பிள்ளைகள் சற்றுப் பின்னால் நகர்ந்து அமரத் தொடங்கினார்கள்; மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்! நாற்பத்தேழாம் வயதில் நீரிழிவு வந்தது. அதற்கும் வாய்க்கும் தொடர்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எந்தப் பல்லும் வலிக்கவில்லை; ஆகவே எந்தப் பல்லிலும் நோயில்லை. மன்திக் எனும் தர்க்கக் கலையைப் பயின்றவன் இத்தனை பிழையான வாதத்தை இத்தனை ஆண்டுகள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பல் விழுந்த பிறகாவது ஓடினேனா என்றால், அதுவும் இல்லை. நோன்பு முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். உண்மையில் அதற்கு அவசியமே இல்லை. பல்லைக் குடைவதோ, பிடுங்குவதோ, சுத்தம் செய்வதோ, தொண்டைக்குள் செல்வதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் நோன்பை முறிக்காது என 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானம் செய்துள்ளது. இதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லியிருந்த நானே, எனக்கென்று வந்தபோது நோன்பைச் சாக்காக்கினேன். பெருநாள் போயிற்று. ஆறு நோன்பும் போயிற்று. அதன் பின்னும் போகவில்லை.

என்னை மருத்துவரிடம் அனுப்பியவன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். ஷவ்வாலில் மக்தப் திறந்தபோது புதிதாக வந்து சேர்ந்தவன். கூர்மையான செவி உள்ளவன். ‘ஸே’ எழுத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அவனும் சொன்னான். ஆனால் அது ‘ஸே’யாக இல்லை, காற்றொலி கலந்த ஏதோ ஒன்றாக இருந்தது. “அப்படியல்ல” என்று திருத்தினேன். மறுபடியும் அதே ஒலி. மூன்றாம் முறை திருத்தியபோது, “நீங்க சொல்ற மாதிரிதானே ஹஜ்ரத் சொல்றேன்” என்றான், கண் கலங்க.

அவன் சொன்னது உண்மை. என் பிழையைத்தான் அவன் அப்படியே ஓதினான். என் ஆசிரியர்கள் தங்கள் ஆசிரியர்களிடம் வாய்க்கு வாய் கேட்டுப் பெற்று, எனக்குத் தந்த எழுத்து அது. என் வாயில் வந்து அது பழுதாகி, ஒரு பிள்ளையின் வாயில் போய்ப் பதிந்துகொண்டிருந்தது. என் பல் எனக்கு மட்டுமே உரியது என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

அன்று அஸருக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பல் மருத்துவரிடம் சென்றேன். சிறுமியாக இருந்தபோது என்னிடம் அலிஃப், பே ஓதியவர் அவர். என்னைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொல்லி, நாற்காலியில் அமரச் செய்து, வாய் முழுவதையும் பார்த்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “ஹஜ்ரத், உங்கள் பல் கெட்டுப்போய் விழவில்லை. பல் நல்ல பல்தான். அதைப் பிடித்துக்கொண்டிருந்த எலும்புதான் கரைந்துவிட்டது” என்றார்.

“வலிக்கவே இல்லையே, அம்மா?” என்றேன்.

“வலிக்காது ஹஜ்ரத். அதனால்தான் வலிக்கு முன்பே வரச் சொல்கிறோம்” என்றார்.

அவர் பொறுமையாக விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். பல்லின்மீது நுண்கிருமிகள் நாள்தோறும் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதை அன்றன்றே துலக்கி அகற்றாவிடில், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாட்களிலேயே அது இறுகத் தொடங்கும். அதுவே காரை. இறுகிய காரையை மிஸ்வாக்கும் அகற்றாது, பிரஷ்ஷும் அகற்றாது. மருத்துவரின் கருவியே அகற்றும். காரையை ஒட்டியுள்ள ஈறு சிவந்து வீங்கி இரத்தம் கசியும். இந்த நிலையில் வந்துவிட்டால் ஈறு முற்றிலும் குணமாகும். வராவிட்டால் நோய் உள்ளே இறங்கி எலும்பைக் கரைக்கும். அதன் பிறகு நோயை மேலும் பரவாமல் நிறுத்தலாமே தவிர, கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது.

சொத்தையின் கதையும் இத்தகையதே. பல்லின் மேலுறையான எனாமலில் நரம்பு இல்லை. ஆதலால் அதில் குழி விழும்போது நமக்குத் தெரிவதில்லை. குழி உள்ளிறங்கிய பின்னரே கூச்சமும் வலியும் தோன்றும். தொடக்கத்தில் கண்டால் சிறிதாக அடைத்துவிடலாம். வலி வந்த பின் போனால் வேர்ச் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான். நீரிழிவுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள உறவு இருவழி உறவு. சர்க்கரை கட்டுப்படாவிடில் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை கட்டுப்படுவது கடினமாகும். ஐந்தாண்டுகளாக நான் மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கி வந்தேன். வாயில் ஒரு புண்காடு இருப்பதை அறியவில்லை.

அவர் பற்களோடு நிற்கவில்லை. நாவின் அடிப்புறம், கன்னத்தின் உட்புறம் யாவற்றையும் பார்த்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் உண்டா என்று கேட்டார். நம் கல்யாண வீடுகளில் தாம்பாளத்தில் வைத்து வழங்கும் பாக்கு, புகையிலை சேராமலே புற்றுநோயை விளைவிக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் அறிவித்திருக்கிறது. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, வாய் திறக்க முடியாத இறுக்கமோ தோன்றினால், வலி இல்லை என்று இருந்துவிடலாகாது. முறையாகப் பரிசோதனைக்குச் செல்பவருக்கு இதுவும் உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்படும்.

நம் வீடுகளில் பல் மருத்துவரிடம் போகாதிருப்பதற்குச் சொல்லப்படும் காரணங்கள் சில உண்டு. அவற்றையெல்லாம் நானும் சொன்னவன் என்ற உரிமையில் இங்கே எடுத்து வைக்கிறேன்.

‘மிஸ்வாக் செய்கிறோமே, போதாதா?’ என்பது முதலாவது. மிஸ்வாக் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்திய சுன்னத். ஒருவர் செய்யும் சுன்னத் வீண் போவதில்லை. ஆனால் அது நாள்தோறும் சேரும் அழுக்கை நீக்கும் வழி. அது சென்றெட்டாத இடுக்கில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பணி மருத்துவருடையது. நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே அன்றோ? ஒரு சுன்னத்தைக் காட்டி மற்றொன்றைத் தள்ளியது என் தவறு.

‘காரையை எடுத்தால் பல் ஆடிப்போகும்’ என்பது இரண்டாவது. ஆடும் பல்லைக் காரை சுவர்போல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. அவ்வளவே. இது புதுக்கால மருத்துவர்களின் பணம் பறிக்கும் வித்தை என்போருக்கு ஒன்று சொல்வேன். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஸ்பெயினில் கொர்தோபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ அவர்கள் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் மருத்துவப் பெருநூலை 30 பாகங்களில் எழுதினார்கள். அறுவை மருத்துவம் பற்றிய இறுதிப் பாகத்தில், பற்களில் படியும் காரையைச் சுரண்டி எடுக்கும் முறையை விவரித்து, அதற்கான கருவிகளைப் படமாகவும் வரைந்து காட்டியுள்ளார்கள். ஒரே நாளில் முழுமையாக நீங்காவிடில் மறுநாளும் தொடர வேண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையும் அதில் உண்டு. அந்நூல் 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பயிலப்பட்டது. அரபு தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் நான் அதைப் பற்றி அறிந்தது பல் விழுந்த பிறகுதான்.

‘பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்பது மூன்றாவது. இது தாய்மார்கள் சொல்வது. என் பேத்திக்கு ஆறு வயது. கடைவாயில் கறுப்பாக இருக்கிறதே என்று கேட்டதற்கு என் மகள் இதையேதான் சொன்னாள். மருத்துவரிடம் காட்டியபோது அது பாற்பல் அன்று என்று தெரிந்தது. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, பாற்பல் வரிசைக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. அது கெட்டால் வேறு முளைக்காது. நல்லவேளை, குழி சிறிதாக இருந்தது. ஒரே நாளில் அடைத்துவிட்டார்கள். குழந்தைக்கு முதற்பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், எப்படியும் ஒரு வயது நிறைவதற்குள், முதற்பரிசோதனை நடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

‘செலவு அதிகம்’ என்பது நான்காவது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் காரை எடுக்க ஆகியிருக்கும் செலவைப் போலப் பன்மடங்கை நான் பிற்பாடு கொடுத்தேன். அப்படிக் கொடுத்தும் என் பல் திரும்பவில்லை. வசதியற்றோருக்கு மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. என் வாப்பா காலத்தில் சந்தையில் குறடு வைத்துக்கொண்டு பல் பிடுங்குவோரைத் தேடிப் போனார்கள். இன்று நமக்கு அந்த நிலை இல்லை. டாக்டர் ரபீயுத்தீன் அஹ்மத் என்னும் வங்கப் பெருமகனார் அமெரிக்காவில் பயின்று வந்து, 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1953-ல் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. இன்று நம் ஊர்ப் பெண் பிள்ளைகளே பல் மருத்துவம் பயின்று நம் தெருவில் அமர்ந்திருக்கிறார்கள். நாம்தான் படியேறுவதில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று சிலர் கேட்பர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. பிரிட்டனில் 2004-ல் வெளியிடப்பட்ட மருத்துவ வழிகாட்டு நெறி, வயது வந்தோருக்கு அவரவர் நிலைக்கேற்ப மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரையும், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அதிகபட்சம் ஓராண்டும் இடைவெளி விடலாம் என்கிறது. நீரிழிவு உள்ளோரும், புகையிலைப் பழக்கம் உள்ளோரும், ஈறு நோய் கண்டோரும் அடிக்கடி செல்ல வேண்டும். உங்கள் இடைவெளியை நிர்ணயிக்க வேண்டியவர் உங்கள் வாயைப் பார்த்த மருத்துவர். நீங்களல்ல, உங்கள் வலியும் அல்ல.

எனக்கு விதிக்கப்பட்டது நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஜகாத் கொடுக்க ஒரு மாதத்தைக் குறித்துவைத்துக் கணக்குப் பார்ப்பதுபோல, இதற்கும் மூன்று மாதங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: முஹர்ரம், ஜமாதுல் அவ்வல், ரமலான். ரமலானை வேண்டுமென்றேதான் சேர்த்துக்கொண்டேன். நோன்பாளியாகவே போய் நாற்காலியில் அமர்கிறேன். என்னைப் பார்த்துச் சிலர் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆடிய இரண்டாவது பல்லையும் காப்பாற்ற முடியவில்லை. ஏனைய பற்களைச் சுத்தம் செய்து, ஈறு தேறிய பின், முன்னிரு பற்களுக்குப் பல்செட்டு பொருத்தினார்கள். முதல் வாரம் வாயில் அந்நியப் பொருள் இருப்பதுபோல் நாக்கு தடுமாறியது. அரபு எழுத்துகளை அலிஃபிலிருந்து நானே எனக்கு ஓதிக்கொடுத்தேன். ‘ஸே’ சரியாக வருகிறதா என்று நிச்சயிக்க எனக்கு ஒரு நல்ல செவி தேவைப்பட்டது. அந்தச் சிறுவனையே அருகில் அழைத்து உட்காரவைத்து, மாணவர் ஒருவரின் வாயால் சரியான ஒலியைக் கேட்கச் செய்து, பிறகு நான் சொன்னேன். “இன்னும் இல்லை, ஹஜ்ரத்” என்றான் பல நாள். ஒரு நாள் காலையில் தலையை அசைத்து, “இப்ப சரி” என்றான். ஆசிரியர் பலரிடம் இஜாஸத் பெற்றவன் நான். அன்று அவனிடமிருந்து பெற்றதையும் அவற்றோடு வைத்திருக்கிறேன்.

தராவீஹ் தொழுகைக்கு இப்போதும் என் மாணவரே முன்னிற்கிறார். நான் பின்னின்று கேட்கிறேன். அவருக்கு வயது இருபத்தெட்டு. ஒரு பல்லும் வலிக்கவில்லையாம். “அதனால்தான் வரச் சொல்கிறேன்” என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றேன். மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் காரை படியத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கடைசியாகப் பல் பரிசோதனை நடந்தது எந்த மாதம் என்று இன்றே கேட்டுப் பாருங்கள். விடை தெரியவில்லையாயின், வலி வந்து சொல்லட்டும் என்று காத்திராதீர்கள். என்னிடம் அது கடைசி வரை வரவே இல்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களுள் பல்லும் ஒன்று; அதைக் காட்டிலும் பெரியது அதன் வழியே பிள்ளைகளுக்குச் சென்று சேரும் சொல். இரண்டையும் காத்துக்கொள்ள வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.